சோமனூர் அப்பாவும் லேன் பார்ட்டியும்

கோயம்புத்தூருக்கு வந்த முதல் வாரம் முழுக்க, இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் மாலையானால் ஊட்டிக்குப் போய்விடுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்கா ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு, "நா ஊட்டுக்குப் போறனுங்க" என்றார். வாயிற்காவலர் வானத்தைப் பார்த்து, "மழ வாரதுக்குள்ள ஊட்டுக்குப் போய்ச் சேரோணும்" என்றார். நூலகர் கைப்பேசியில் யாரிடமோ, "ஊட்டுக்குத்தான் வந்துட்டு இருக்கறனுங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். இத்தனை பேர் தினமும் மலையேறி இறங்குகிறார்களே, உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று என் அறைத்தோழி கோகிலாவிடம் கேட்டேன். அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து எழுந்து, "ஊடுன்னா வீடு புள்ள" என்றாள்.

ஈப்போ விமான நிலையத்தில் என்னை வழியனுப்ப வந்த பெரியப்பா, "அங்கேயும் தமிழ்தானே, நீ என்ன வெளிநாட்டுக்கா போற?" என்று கேட்டது ஈப்போவில் இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அந்த ஒரே தமிழ்தான் என்னை முதலில் அந்நியமாக்கியது. நான் 'கணினி' என்றால் வகுப்பே திரும்பிப் பார்த்தது. காலையில் 'பசியாறியாச்சா?' என்று நாம் கேட்பதைப் போல விடுதியில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். தனக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என நினைத்து அவள் முகம் வாடிவிட்டது. 'எந்த ஊருங்க?' என்று கேட்பார்கள். மலேசியா என்பேன். 'அதுக்கு முந்தி?' என்று அடுத்த கேள்வி வரும். என் கொள்ளுத்தாத்தா எங்கிருந்தோ கப்பல் ஏறினார். எங்கிருந்து என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் படிக்க வந்த பல்கலைக்கழகம் துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் சாலையில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே மாணவர்கள் நடத்தும் விளையாட்டுச் சங்கம் ஒன்று பருவத்துக்கு இரண்டு முறை லேன் பார்ட்டி வைக்கும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவரவர் கணினியைத் தூக்கிக்கொண்டு பெரிய கருத்தரங்கக் கூடத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கம்பியால் இணைத்து, ஞாயிறு விடியும்வரை விளையாட வேண்டும். அவ்வளவுதான். பெண்கள் விடுதியின் வாயில் ஏழு மணிக்கு மூடிவிடும். பெண்கள் வரக்கூடாது என்று அறிவிப்பில் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கோகிலாவும் நானும் மூன்றாம் மாடிச் சன்னலில் நின்று பார்ப்போம். போர்வையில் சுற்றிய திரைகளைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பையன்கள் வரிசையாக நடந்து போவார்கள். இருட்டிய பிறகு அந்தக் கூடத்தின் கண்ணாடிகள் மட்டும் நீலமாக ஒளிரும். தூரத்தில் ஏதோ ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நிற்பதுபோல் இருக்கும்.

எனக்கு அந்த நீலம் பழக்கமானது. ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பல்பொருள் கடையின் மாடியில் சைபர் கஃபே இருந்தது. கடைக்காரச் சீனர் குளிர்சாதனத்தை அப்படித் திருகி வைத்திருப்பார், விரல் நுனி மரத்துப்போகும். அண்ணன் சரவணன் என்னை எட்டு வயதிலேயே அங்கே கூட்டிக்கொண்டு போனான். ஒரு பக்கம் கான்டனீஸில் திட்டு, ஒரு பக்கம் மலாயில் சிரிப்பு, நடுவில் நாங்கள் தமிழில் 'பின்னால பாரு, பின்னால பாரு' என்று கத்துவோம். பெண் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அம்மா மட்டும் படியேறி வந்து காதைப் பிடித்து இழுத்துப் போவார். அதுவும் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதற்காகத்தான்.

கோகிலாவின் கதை வேறு. அவள் சோமனூர்க்காரி. அவள் அப்பா அங்கே விசைத்தறி ஓட்டுகிறார். கோகிலா பன்னிரண்டாம் வகுப்பில் பரிசாகக் கிடைத்த மடிக்கணினியில், சத்தத்தை அணைத்துவிட்டு, போர்வைக்குள் உட்கார்ந்து விளையாடப் பழகியவள். எதிரியின் காலடியைக் காதால் கேட்டு நாங்கள் ஆடிய ஆட்டத்தை அவள் கண்ணால் மட்டுமே ஆடக் கற்றிருந்தாள். அதனால்தானோ என்னவோ, என்னைவிட, நான் பார்த்த பையன்களைவிட, அவள் வேகமாக இருந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கப்போகிறார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

சங்கத்தின் தலைவன் பிரதீப்பிடம் நான்தான் போய்க் கேட்டேன், நாங்களும் வரலாமா என்று. அவன் மிகுந்த பணிவோடு எழுந்து நின்று, "வந்தா நல்லாத்தாங்க இருக்கும். பாக்கலாமுங்க" என்றான். நான் அன்றே கோகிலாவிடம் அனுமதி கிடைத்துவிட்டது என்று சொன்னேன். இரண்டு பார்ட்டிகள் நடந்து முடிந்த பிறகுதான், இந்த ஊரில் 'பாக்கலாமுங்க' என்றால் முடியாது என்று பொருள் என எனக்குப் புரிந்தது. நமக்கு மலாயில் 'போலே' என்றால் முடியும், 'தா போலே' என்றால் முடியாது. கதவு திறந்திருக்கும், இல்லையென்றால் மூடியிருக்கும். இங்கே கதவைப் புன்னகையோடு, தாழ் போடும் சத்தம்கூடக் கேட்காமல் மூடிவிடுகிறார்கள். மூடியதே தெரியாமல் நான் எத்தனை நாள் வெளியே நின்றிருக்கிறேனோ.

மறுபடி போனேன். இந்த முறை முடியுமா முடியாதா என்று மட்டும் சொல்லச் சொன்னேன். பிரதீப் காது சிவந்துபோனான். "எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. வார்டன் மேடம் உட்டாங்கன்னா சரிங்க" என்றான். வார்டன் எங்களை அரை மணி நேரம் நிற்க வைத்தார். பிறகு, பெண்களைக் கூட்டிப்போக வேண்டுமானால் பெற்றோர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், என்னைப் போன்ற வெளிநாட்டுப் பிள்ளைக்கு உள்ளூரில் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றார். யாரும் வரமாட்டார்கள் என்ற நிம்மதியில் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு இந்த நாட்டில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. கோகிலாவுக்கோ அப்பாவிடம் கேட்பதற்கே வாய் இல்லை.

அடுத்த ஞாயிறு அவளோடு சோமனூருக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்குடோன். தறிகளின் இரைச்சலில் தரை அதிர்ந்துகொண்டே இருந்தது, பேச வேண்டுமென்றால் முகத்துக்கு அருகில் வந்து கத்த வேண்டும். அவள் அப்பா நாச்சிமுத்து, பஞ்சு ஒட்டிய தலையோடு வெளியே வந்து, "வாங்க அம்மணி, உக்காருங்க. சாப்புட்டுப்போட்டுத்தான் பேச்சு" என்றார். கொஞ்சம் பேசுபவர், நிறையக் கேட்பவர். சாப்பிட்டு முடித்ததும் கோகிலா சுவரைப் பார்த்துக்கொண்டு, கல்லூரியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்க ப்ராஜெக்ட் வேலை இருக்கிறது, நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

"ராத்திரி பூராவா? அப்படி என்ன வேல கண்ணு?"

அவள் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "விளையாடப் போறோம் ஐயா. கணினியில. அறுபது எழுபது பேர் சேர்ந்து. கோகிலா ரொம்ப நல்லா விளையாடுவா, உங்களுக்குத் தெரியாதா?"

கோகிலாவின் விரல் என் தொடையில் அழுந்தியது. அவள் அப்பா அவளையே பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். குடோனில் ஒரு தறி நின்றுபோன சத்தம் கேட்டது. அவர் மெதுவாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரி. நா வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோபத்தில் விடைபெற்றுப் போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. திரும்பும் பேருந்தில் கோகிலா சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கருமத்தம்பட்டி தாண்டிய பிறகு ஒருமுறை மட்டும், "உனக்கு ஒண்ணும் தெரியாது வாசுகி. நீ பாட்டுக்குச் சொல்லிப்போட்ட, நா அந்த ஊட்டுல இருக்கோணும்" என்றாள். அன்றிரவு அண்ணனைக் கைப்பேசியில் அழைத்து அழுதேன். உண்மையைச் சொன்னது தப்பா என்று கேட்டேன். "தப்பில்ல தங்கச்சி. ஆனா அது உன்னோட உண்மை இல்லையே" என்றான்.

பார்ட்டி நாளான சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு வாயிற்காவலர் எங்கள் அறைக்கு ஆள் அனுப்பினார். கீழே போனால் வார்டன் அறை வாசலில் நாச்சிமுத்து நிற்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் நான்கு அடுக்குத் தூக்கு. 'வாரனுங்க' என்றால் 'நானும் வருகிறேன்' என்று பொருளாம். கோகிலாவுக்கே அது அந்த நேரத்தில்தான் புரிந்தது. அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் இரண்டு படிவங்களிலும் எழுத்துக்கூட்டி நிதானமாக எழுதினார். வார்டன் வாங்கிப் பார்த்து, "இந்தப் பொண்ணு மலேசியாங்க. உறவுமுறைங்கற எடத்துல மகள்னு எழுதியிருக்கீங்களே?" என்றார்.

"ரெண்டும் என்ற புள்ளைங்கதானுங்க" என்றார் அவர். 'என்ற' என்றால் இங்கே 'என்னுடைய'. இதை நான் யாரிடமும் கேட்காமலே புரிந்துகொண்டேன்.

செய்தி எப்படியோ பரவி, கோயம்புத்தூருக்குள்ளேயே வீடு இருந்த ஐந்து பெண்களின் பெற்றோரும் அவசரமாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பெரியவர் கூட இருக்கிறார் என்பதுதான் அவர்களுக்குத் தைரியம். ஏழு பெண்கள் கூடத்துக்குள் நுழைந்தபோது பையன்கள் திரைகளை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு, நாங்கள் எப்போதும் அங்கேயே இருந்தவர்கள்போல, பிரதீப் வந்து இணைப்புக் கம்பியை நீட்டி, "உங்க எடம் அக்கட்டால இருக்குதுங்க" என்றான்.

அந்த இரவை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அறுபது எழுபது திரைகளின் வெளிச்சம் மட்டும். கணினிகளின் காற்றாடிகள் எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் மெல்ல இரைந்தன. நேரம் போவதைக் காட்ட அங்கே எதுவும் இல்லை. யாரோ எழுந்து போவதும், யாரோ நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்குவதும், யாரோ என் முன்னால் மசாலா பொரி வைத்துவிட்டுப் போவதும் நீருக்கடியில் நடப்பதைப் போல இருந்தன. திரையில் நான் பனி விழும் ஒரு நகரத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். நானும் கோகிலாவும் பனியைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் இருவரும் அந்த ஊரின் சந்துகளை நன்றாக அறிந்திருந்தோம். அங்கே யாரும் எங்களை எந்த ஊர் என்று கேட்கவில்லை. கதவோரம், பிளாஸ்டிக் நாற்காலியில், வேட்டி மட்டும் நீலமாகத் தெரிய, நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். ராத்திரி ஷிப்ட் பார்த்த உடம்பு, அவர் கண் அசரவே இல்லை.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.

இரைச்சல் சட்டென்று நின்றதும் காது அடைத்துக்கொண்டதுபோல் ஆனது. மடிக்கணினிகள் பத்துப் பதினைந்து மட்டும் அங்கங்கே மினுங்கின. ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். வராந்தாவில் டார்ச் வெளிச்சம் ஓடி வந்தது. வார்டனின் குரல்: "பொண்ணுங்க எல்லாம் உடனே வெளிய வாங்க! இதுக்குத்தான் நான் சொன்னேன். இனிமே இந்த வேலையே கிடையாது!" இருட்டில், பையன்களும் பெண்களுமாக ஒரு கூடம். விடிந்ததும் இது என்ன கதையாக ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. என் பக்கத்தில் கோகிலா எழுந்தாள். அவள் எழுந்த விதத்திலேயே இனி வரமாட்டாள் என்று தெரிந்தது.

அப்போது கதவுப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. தறி இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"ஏனுங்க மேடம், நா இங்கதான் உக்காந்திருக்கறனுங்க. ஒருத்தரும் எடத்த உட்டு எந்திரிக்கலீங்க. கரண்டுதானுங்க போச்சு. புள்ளைங்க என்ன பண்ணுச்சு? நீங்களும் வந்து இப்படி உக்காருங்க."

வார்டன் டார்ச் வெளிச்சத்தைத் தரைக்குத் தாழ்த்தினார். பிறகு உள்ளே வந்து அவர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணு, நீயும் உக்காரு" என்றார் நாச்சிமுத்து இருட்டைப் பார்த்து. கோகிலா உட்கார்ந்தாள்.

தூங்கிக்கொண்டிருந்த மின்பணியாளரை எழுப்பி அழைத்து வந்தார்கள். நாச்சிமுத்துவும் அவரோடு போய், டார்ச் பிடித்துக்கொண்டு மின்பெட்டியைப் பார்த்தார். "எல்லாத்தையும் ஒரே பேஸ்ல மாட்டிப்போட்டீங்களே தம்பி, எப்படித் தாங்கும்? பாதிய அந்தப் பக்கத்து லைனுக்கு மாத்துங்க" என்றார். பன்னிரண்டு தறியை ஒரு குடோனில் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. பிரதீப்பும் இன்னும் நான்கு பேரும் கம்பிச்சுருள்களை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கால் மணி நேரத்தில் காற்றாடிகள் ஒவ்வொன்றாக இரையத் தொடங்கின. கைதட்டல் எழுந்தது. அவர் யாருக்கோ கைதட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

மூன்று மணிக்குமேல் அணிகளுக்கிடையே போட்டி. கோகிலா ஆடியபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பச்சச் சட்ட நீயா கண்ணு?" என்று கேட்டார்.

"ஆமாங்கப்பா."

"பொறகால ஒருத்தன் வாரான் பாரு."

அவள் திரும்பிச் சுட்டாள். கூடமே கத்தியது. அவளும் கத்தினாள். எனக்குத் தெரிந்து அவள் சத்தம் போட்டு விளையாடியது அதுதான் முதல் தடவை. அரையிறுதியில் எங்கள் அணி தோற்றது. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

விடிந்ததும் தூக்கைத் திறந்து, ஆறிப்போன தக்காளிச் சோற்றைப் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கோகிலா கை கழுவப் போயிருந்தபோது அவர் என்னிடம், "இவ இத்தன வருசமா சத்தமில்லாம இருக்கறா, நல்ல புள்ளன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க அம்மணி" என்றார். நான் அவரை ஐயா என்று கூப்பிடுவதை அன்றோடு நிறுத்தினேன். அப்பா என்றே கூப்பிட்டேன்.

மாப்பிள்ளை பார்ப்பதை அவர் நிறுத்திவிட்டார் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை. ஒரு வருடம் தள்ளிப் போட்டார். ஆனால் பெண் பார்க்க வந்தவர்களிடம், "எங்க புள்ள கம்ப்யூட்டர்ல வெளையாடுமுங்க. ராத்திரி ரொம்ப நேரமாகும்" என்று அவரே முதலில் சொன்னாராம். இரண்டு வீட்டார் அதோடு போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த திருப்பூர்க்காரர் எந்த விளையாட்டு என்று கேட்டார். கோகிலா இப்போது அவரோடு திருப்பூரில் இருக்கிறாள், வேலைக்கும் போகிறாள். அவளுடைய பச்சைச் சட்டை சில சனிக்கிழமைகளில் என் திரையில் வந்து நிற்கும்.

நான் முதுகலைக்கும் இங்கேயே சேர்ந்தேன். போன விடுமுறையில் ஈப்போ வந்தபோது அம்மா, "நீ இந்தியாக்காரி மாதிரி இழுத்து இழுத்துப் பேசற" என்றார். இங்கே வகுப்பில் நான் இன்னும் மலேசியாப் பொண்ணுதான். அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இன்னும் நான்கு மாதத்தில் படிப்பு முடிகிறது. வந்துவிடு என்கிறார் அம்மா. வருகிறேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பருவத்தின் கடைசி லேன் பார்ட்டி முடிந்து வெளியே வந்தேன். இம்முறை நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். கண்ணுக்குள் இன்னும் நீல வெளிச்சம் நீந்திக்கொண்டிருந்தது. விடுதியை விட்டுவிட்டு இப்போது கவுண்டம்பாளையத்தில் ஒரு மாடியறையில் இருக்கிறேன். துடியலூரில் காந்திபுரம் பேருந்து ஏறினேன். சன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். நடத்துநர் தோளருகே விரலால் கம்பியைத் தட்டி, "எங்கீங்க போகோணும்?" என்றார். கண் திறக்காமலே பதில் சொன்னேன்.

"செம்பாக்கமுங்களா?" என்று அவர் குழம்பிப்போய்க் கேட்டது காதில் விழுந்தது. "அது மெட்ராஸ் பக்கமல்லங்க?"

கண் விழித்தேன். ஈப்போவில் எங்கள் வீடு இருக்கும் குடியிருப்பின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். தாமான் செம்பாக்கா. கடலுக்கு அந்தப் பக்கம், அம்மா இந்நேரம் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் தெரு.

"இந்த பஸ் அங்க போகாதுங்க அம்மணி. காந்திபுரத்துல எறங்கி விசாரிச்சு மாறிக்கோங்க" என்றார் அவர், அத்தனை அக்கறையாக, அப்படி ஒரு பேருந்து அங்கே நின்றுகொண்டிருப்பதைப் போல.

கவுண்டம்பாளையம் என்று திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, காந்திபுரத்துக்கே ஒரு சீட்டு வாங்கிக்கொண்டேன். என் அறை இருக்கும் தெருமுனை சன்னலில் வந்து, மெல்லப் பின்னால் போனது. நான் இறங்கவில்லை.